கை படாமல் உடைந்த கண்ணாடி

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு நடுத்தர வீட்டில் இருந்த கண்ணாடி அத்தனையையும் ஒரு கைவண்டியில் ஏற்றிவிடலாம். கூடத்துச் சுவரில் சட்டம் போட்ட சாமி படங்கள், தாத்தா பாட்டி போட்டோக்கள். தலைப்பகுதி சற்று முன்னால் சாய்ந்திருக்கும்படி ஆணியில் மாட்டிய, ஓரமெல்லாம் ரசம் போன முகம் பார்க்கும் கண்ணாடி. ஓட்டு வீடாக இருந்தால் சமையல்கட்டுக்கு மேலே ஒன்றிரண்டு கண்ணாடி ஓடுகள். அலமாரியில் காப்பித் தூளும் சர்க்கரையும் போட்டுவைத்த பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்கள். மாடத்தில் அரிக்கேன் விளக்கு. வசதியானவர்கள் வீட்டு ஜன்னல்களில் சிவப்பும் பச்சையுமாக வண்ணக் கண்ணாடி பதித்திருப்பார்கள்; செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பெல்ஜியத்திலிருந்து கப்பலேறி வந்த ஆளுயர நிலைக்கண்ணாடிகள் இருந்தன. மற்றவர்கள் வீட்டு ஜன்னலில் கம்பியும் மரக்கதவும்தான்.

இவற்றில் எது உடைந்தாலும் உடைத்தவர் என்று ஒருவர் இருந்தார். பந்து அடித்த பையன், ஒட்டடை அடித்தவர், படத்தைத் துடைக்க முக்காலியில் ஏறிய அக்கா, ஓட்டின்மேல் குதித்த குரங்கு. சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து முதலில் வருவது ஒரே கேள்வி: “யாரது உடைச்சது?” அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. பல வீடுகளில் பதில் சொன்னவருக்கு அடியும் கிடைத்தது.

அதிகம் உடைந்தது அரிக்கேன் விளக்கின் கண்ணாடிச் சிம்னிதான். சாயங்காலம் விளக்கேற்றும் முன் கரி படிந்த சிம்னியைக் கழற்றித் துடைக்க வேண்டும். வாய் குறுகலானது, பெரியவர்கள் கை நுழையாது; ஆகவே வேலை பிள்ளைகளிடம் வந்து சேரும். அடுப்புச் சாம்பலைத் தொட்டு, பழைய வேட்டித் துணியை உள்ளே திணித்துச் சுழற்றினால் கரி போய்விடும். சிம்னி கையிலிருந்து நழுவிப் போனதுண்டு. அதைவிட அதிகம் போனது தண்ணீரால். எரிகிற விளக்கை எடுத்துக்கொண்டு மழைத் தூறலில் மாட்டுக்கொட்டகைக்குப் போவார்கள். ஒரு சொட்டு சிம்னியில் பட்டதும் ‘டிக்’ என்று மேலிருந்து கீழே ஒரு கீறல் ஓடும். உடனே தூக்கியெறிய மாட்டார்கள். கீறலின்மேல் காகிதம் ஒட்டி இன்னும் சில வாரம் ஓட்டுவார்கள். பிறகு மளிகைக் கடையில் வைக்கோல் சுற்றி வைத்திருக்கும் புதுச் சிம்னி வரும்.

சாதாரணக் கண்ணாடியின் குணமே அந்தக் கீறலில் இருக்கிறது. ஒரு பக்கம் சூடாகவும் பக்கத்து இடம் ஆறியும் இருந்தால், சூடான பகுதி விரியப் பார்க்கும், ஆறிய பகுதி விடாது. இரண்டுக்கும் வித்தியாசம் 40 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போனாலே கீறல் விழலாம். ஆனால் விழுந்த கீறல் பெரும்பாலும் ஓரிடத்தில் தொடங்கி ஓரிடத்தில் முடியும். எங்கே அடிபட்டது, எப்படி ஓடியது என்று விரலால் தொடர்ந்து பார்க்கலாம். மீதிக் கண்ணாடி அப்படியே நிற்கும்.

நின்ற கண்ணாடிக்கு மறுபடியும் வேலை இருந்தது. ஜன்னல் கண்ணாடி ஒரு மூலையில் உடைந்தால் நல்ல பாகத்தைப் படச்சட்டக் கடைக்குக் கொண்டுபோவார்கள். கடைக்காரர் மர ஸ்கேலை வைத்து, வைர முனைக் கட்டரால் ‘கிர்ர்’ என்று ஒரு கோடு இழுப்பார். கோட்டின் அடியில் தட்டி இரண்டு கையாலும் மெல்ல அழுத்தினால் ரொட்டி போல நேராகப் பிரியும். ஜன்னலில் இருந்தது சிறிய படத்துக்கு மேல் கண்ணாடியாகிவிடும். எதற்கும் ஆகாத சில்லுகளுக்கும் இடம் இருந்தது. மதில் சுவரின் உச்சியில் ஈரச் சிமெண்டில் கூர்முனை மேலே பார்க்கச் செருகிவைத்தார்கள். திருடன் கை வைக்கக்கூடாதென்று. வட சென்னையில் பாட்டில்களைப் பொடியாக இடித்து மாஞ்சா நூலுக்குப் பூசினார்கள். எத்தனையோ பேர் கழுத்தை அறுத்த அந்த நூல் இன்று தடைசெய்யப்பட்டது. மதிலுக்கும் மாஞ்சாவுக்கும் வேண்டியிருந்தது ஒரே குணம்தான்: உடைந்த சாதாரணக் கண்ணாடியின் விளிம்பு கத்தி.

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய கண்ணாடியைப் பற்றிப் பேசும்போது ஏக்கம் வந்துவிடுகிறது; அது உடைந்தபோது ஆட்கள் செத்திருக்கிறார்கள் என்பது மறந்துவிடுகிறது. கண்ணாடிக் கதவு இருப்பது தெரியாமல் மோதியவரின் கழுத்தில் மேலிருந்து இறங்கும் ஒரு பெரிய சில்லு போதும். குளியலறையில் வழுக்கி ஜன்னலில் கை ஊன்றியவருக்கு மணிக்கட்டு நரம்பு அறுந்துபோகும். அமெரிக்காவில் இப்படிப்பட்ட விபத்துகள் தொடர்ந்ததால்தான், 1977 முதல் கதவுகளுக்கும் குளியலறைத் தடுப்புகளுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி மட்டுமே போட வேண்டும் என்று தேசிய அளவில் விதி வந்தது. நம் நாட்டிலும் கட்டிடங்களுக்கான பாதுகாப்புக் கண்ணாடிக்கு ஐ.எஸ். 2553 என்ற தர விதி இருக்கிறது.

இன்றைய வீட்டுக்கு வருவோம். 1959-ல் இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் ஒரு புது முறையை அறிவித்தது. உருகிய தகரத்தின்மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டு அலையோ நெளிவோ இல்லாத தட்டையான தகடாக எடுக்கும் அந்த முறையை உருவாக்கியவர் அலஸ்டேர் பில்கிங்டன். அதன்பின் உலகமெங்கும் பெரிய கண்ணாடி மலிவானது. 2000-ல் ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட்-கோபேன் நிறுவனத்தின் மிதவைக் கண்ணாடி ஆலை ஓடத் தொடங்கியது. அடுத்த இருபதாண்டுகளில் சென்னை ஓ.எம்.ஆர். சாலையின் அலுவலகங்கள் கண்ணாடிச் சட்டை போட்டுக்கொண்டதை எல்லோரும் பார்த்தோம். வீட்டுக்குள் அது நுழைந்ததுதான் அவ்வளவாகக் கண்ணில் படவில்லை. குளியலறையில் ஷவருக்கு ஒரு தடுப்பு, பால்கனியில் இடுப்புயரக் கைப்பிடி, படிக்கட்டு ஓரம், சாப்பாட்டு மேசை, டிவி ஸ்டாண்டு, பிரிட்ஜுக்குள் தட்டுகள், ஓவன் கதவு, முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின்களில் சிலவற்றின் மூடி. எல்லாவற்றுக்கும் மேலாக, தமிழ்நாட்டுச் சமையலறை மேடையில் எவர்சில்வர் அடுப்பு இருந்த இடத்தில் கறுப்புக் கண்ணாடி மேல்தட்டு போட்ட கேஸ் அடுப்பு. கைவண்டியில் ஏறிய கண்ணாடிக்கு இப்போது ஒரு மினி லாரி வேண்டும்.

இதில் பெரும்பகுதி ‘டஃபன்டு’ கண்ணாடி. ‘டெம்பர்டு’ என்பதும் அதுவே. செல்போன் கடைகளின் தயவால் ‘டெம்பர்’ என்ற பேச்சு பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரை பரவியிருக்கிறது. ஆனால் கடையில் விற்பவரும் வாங்குபவரும் அதைப் பற்றி ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொள்கிறார்கள்: “சாதாரணக் கண்ணாடியைவிட நாலஞ்சு மடங்கு ஸ்ட்ராங், உடையாது.” முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியை நம்பி வாங்கியவர்கள்தான் நள்ளிரவில் துப்பாக்கி சுட்டது போன்ற சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு எழுகிறார்கள். குளியலறைக்குப் போய்ப் பார்த்தால், யாருமே நுழையாத இடத்தில் தடுப்புக் கண்ணாடி தரை முழுக்கப் பரல் பரலாகக் கிடக்கிறது. கொஞ்ச நேரம் அந்தக் குவியலிலிருந்து ‘டப் டப்’ என்று சத்தம் வந்துகொண்டே இருக்கும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்த பெரிய துண்டுகள் மேலும் பிளந்து சிறு பரல்களாகும் சத்தம் அது. யாரோ மறைந்திருந்து செய்வதாக அந்த நேரத்தில் பயப்படுவது இயல்புதான்.

செய்தது யார் என்று தெரிய, அந்தக் கண்ணாடி பிறந்த இடத்துக்குப் போக வேண்டும். தேவையான அளவுக்கு வெட்டி, விளிம்புகளைத் தேய்த்து, கீலுக்கும் கைப்பிடிக்கும் வேண்டிய ஓட்டைகளைப் போட்ட பிறகு கண்ணாடியை உலைக்குள் அனுப்புகிறார்கள். 620 டிகிரிக்கு மேல், இளகத் தொடங்கும் நிலை வரை சூடேற்றுகிறார்கள். வெளியே வந்ததும் இருபுறமும் வரிசையான குழாய்களிலிருந்து குளிர்ந்த காற்று பலமாக வீசும். சில நொடிகளில் மேற்பரப்பு இறுகிவிடுகிறது. நடுப்பகுதி இன்னும் சூடாக இருக்கிறது. பிறகு நடுப்பகுதியும் ஆறிச் சுருங்கப் பார்க்கும்போது, ஏற்கெனவே இறுகிப்போன மேற்பரப்பு இடம் கொடுப்பதில்லை. கடைசியில், மேல்தோல் இரண்டும் உள்நோக்கி நெருக்கப்பட்ட நிலையிலும் நடுப்பகுதி இழுபட்ட நிலையிலும் நிரந்தரமாகப் பூட்டப்பட்டுவிடுகின்றன. தடிமனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஒவ்வொரு பக்கமும் நெருக்கத்தில் இருக்கும். 10 எம்.எம். கண்ணாடியில் மேலே 2, கீழே 2, நடுவே 6 எம்.எம். இழுவிசை.

கண்ணாடி உடைவது அதன் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய கீறல்கள் வாய் திறப்பதால். மேல்தோலே நெருக்கிப் பிடித்திருக்கும்போது கீறல் எளிதில் திறக்காது. பலம் அதிகமாவது அதனால்தான். ஒரே கண்ணாடியின் இரு இடங்களுக்கிடையே 200 டிகிரி வரை வெப்ப வித்தியாசத்தையும் தாங்கும். ஆனால் ஏதோ ஒரு கீறல் அந்த 2 எம்.எம். தோலைத் தாண்டி நடுப்பகுதியைத் தொட்டுவிட்டால், அங்கே இத்தனை நாள் பூட்டியிருந்த விசை முழுதும் ஒரே சமயத்தில் விடுபடுகிறது. விரிசல் நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் வேகத்தில் கிளை கிளையாகப் பிரிந்து ஓடும். இரண்டு மீட்டர் உயரக் கதவு முழுவதும் நொறுங்க நொடியில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு போதும். அது சிறு சிறு பரலாக நொறுங்குவது கோளாறு இல்லை; அப்படி நொறுங்க வேண்டும் என்றுதான் செய்கிறார்கள். ஐரோப்பியத் தர விதிப்படி, உடைந்த கண்ணாடியில் 5 சென்டிமீட்டர் சதுரத்துக்குள் குறைந்தது 40 துண்டுகளாவது இருந்தால்தான் தேர்ச்சி. கழுத்தை அறுக்கும் வாள் போன்ற சில்லு உருவாகவே கூடாது என்பதற்காக.

இந்த விசித்திரத்தை மனிதர்கள் வெகு காலமாகவே அறிந்திருந்தார்கள். உருகிய கண்ணாடியை நீருக்குள் சொட்டவிட்டால் தவளைக்குஞ்சு வடிவில் தலையும் நீண்ட வாலுமாகத் துளிகள் கிடைக்கும். தலையைச் சுத்தியலால் அடித்தாலும் தாங்கும். வால் நுனியைக் கிள்ளினால் மொத்தமும் தூளாகும். 1660-களில் இளவரசர் ரூபர்ட் இவற்றை இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்குக் கொண்டுவந்து கொடுக்க, மன்னர் ராயல் சொசைட்டி அறிஞர்களிடம் ஒப்படைத்தார். அந்தத் துளிக்குள் விரிசல் ஓடும் வேகத்தை 1994-ல் அதிவேகப் படமெடுத்துக் காட்டியவர்கள் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சந்திரசேகரும் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சௌத்ரியும். இவர்களோடு எஸ்தோனியா ஆய்வாளர்களும் சேர்ந்து 2016-ல் வெளியிட்ட கட்டுரை, துளியின் மேல்தோலில் 700 மெகாபாஸ்கல் அளவுக்கு நெருக்கம் இருப்பதைக் கணக்கிட்டது. நம் குளியலறைக் கதவில் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்காவது இருக்கும்.

எல்லாம் சரி, யாரும் தொடாதபோது அந்த முதல் கீறல் எங்கிருந்து வந்தது?

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 1958-ல் ஐ.சி.ஐ. ஹவுஸ் என்ற உயரமான அலுவலகக் கட்டிடம் எழுந்தது. இன்று அதன் பெயர் ஓரிகா ஹவுஸ். நான்கு புறமும் கண்ணாடி போர்த்திய அந்தக் கட்டிடத்தின் டஃபன்டு தகடுகள் சில, காற்றும் கல்லும் காரணமில்லாமல் நொறுங்கத் தொடங்கின. அந்நாட்டு அறிவியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பாலன்டைன், உடைந்த இடத்தின் மையத்தை ஆராய்ந்து 1961-ல் அறிக்கை தந்தார். மையத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாக ஒரு துகள் இருந்தது: நிக்கல் சல்ஃபைடு. மூலப்பொருளோடு கலந்த கந்தகமும், இயந்திரப் பாகங்களின் எஃகுத் தேய்மானம் போன்ற வழிகளில் நுழையும் துளி நிக்கலும் உலையில் சேர்ந்து உருவாவது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு அகலம் இருந்தாலே போதும்.

அந்தத் துகளுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. 379 டிகிரிக்கு மேல் ஒரு வடிவம், அதற்குக் கீழே சற்றுப் பெரிதான இன்னொன்று. சாதாரணக் கண்ணாடியை மெதுவாக ஆறவிடுவதால் துகள் உருமாறிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. சுற்றிலும் இழுவிசையும் இல்லை. டஃபன்டு கண்ணாடியைச் சில நொடிகளில் குளிரவைப்பதால் துகள் பழைய சிறு வடிவத்திலேயே அகப்பட்டுக்கொள்கிறது. பிறகு கடையில், லாரியில், நம் வீட்டுக் குளியலறையில் இருந்தபடி மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், மெல்ல மெல்ல 2 முதல் 4 சதவீதம் வரை பருக்கிறது. இழுவிசை நிறைந்த நடுப்பகுதியில் அது இருந்துவிட்டால் ஒருநாள் சுற்றியுள்ள கண்ணாடியைப் பிளக்கும். அந்த நாள் வீட்டில் எல்லோரும் தூங்கும் நாளாக இருக்கலாம்.

வீடுகளில் நொறுங்கும் எல்லாக் கண்ணாடிக்கும் இந்தத் துகள்தான் காரணம் என்று சொல்லிவிடக் கூடாது. கண்ணாடி பொருத்துகிறவர்களுக்குத் தெரியும், பாதி வினை விளிம்பில் இருக்கிறது. தட்டையான முகத்தில் முஷ்டியால் குத்தினாலும் தாங்கும் தகடு, மூலையில் பட்ட சிறு அடியில் போய்விடும். மாடிக்குத் தூக்கி வரும்போது டைல்ஸ் தரையில் மூலை ஊன்றி இறக்கியிருப்பார்கள். டைல்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது. அங்கே விழுந்த சிறு செதில் யார் கண்ணிலும் படாது. அல்லது கீலின் இரும்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே வைக்க வேண்டிய ரப்பர் கேஸ்கெட்டை விட்டுவிட்டு திருகாணியை முறுக்கியிருப்பார்கள். கதவு ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் செதில் ஒரு நூல் ஆழமாகும். தோலைத் தாண்டும் தருணத்தில் கையில் சோப்புடன் நிற்பவர், எட்டு மாதத்துக்கு முன் பொருத்தியவரின் அவசரத்துக்குப் பலியாகிறார்.

கேஸ் அடுப்பின் கதை வேறு. எவர்சில்வர் அடுப்பு இருந்த காலத்தில் சமையல் முடித்து ஈரத்துணியை வைத்துத் துடைத்தால் ‘ஸ்ஸ்’ என்று ஆவி வரும், அவ்வளவுதான். அகலமான அண்டாவை வைத்துப் பொங்கல் வைத்தோம், முறுக்குச் சட்டியை மணிக்கணக்கில் காய்ச்சினோம், இறக்கிய குக்கரை அடுப்பின் மேலேயே ஓரமாக வைத்தோம். அந்தக் கைப்பழக்கம் அப்படியே கண்ணாடி அடுப்புக்கும் வந்துவிட்டது. பர்னரைவிட மிக அகலமான பாத்திரத்தின் அடியில் மோதும் தீயும் வெப்பமும் திரும்பிக் கீழிறங்கிக் கண்ணாடியைச் சுடுகின்றன. பர்னர் மூடி சரியாக உட்காராவிட்டால் தீ பக்கவாட்டில் கண்ணாடியையே நக்கும். பர்னரைச் சுற்றி வெட்டிய ஓட்டையின் விளிம்புதான் அந்தத் தகட்டிலேயே பலவீனமான இடம். அதிகம் சூடாவதும் அந்த இடமே. அதன்மேல் ஈரத்துணி படுகிறது, அல்லது பொங்கிய பால் வழிகிறது. 200 டிகிரி தாங்கும் என்பது விளிம்பு நன்றாக இருக்கும் புதுக் கண்ணாடிக்குச் சொன்ன கணக்கு. ஆறேழு வருடம் கரண்டியும் இரும்புத் தாங்கியும் உரசிய கண்ணாடிக்கு அந்தச் சலுகை கிடைக்காது. அடுப்பை அணைத்துச் சிறிது நேரம் கழித்தும் அது நொறுங்கலாம், ஆறும்போதும் இழுவிசை மாறிக்கொண்டுதான் இருக்கிறது.

என்னை இந்த விஷயத்தை எழுதவைத்தது பௌதிகம் அல்ல. கண்ணாடி மாறிய பிறகும் பழைய கேள்வி மாறவில்லை என்பதுதான். மேசை நொறுங்கிய சத்தம் அடங்கும் முன்பே “யாரது உடைச்சது?” என்ற குரல் எழுகிறது. பக்கத்தில் நின்றவர் வீட்டு வேலை செய்யும் பெண்ணாக இருந்தால் பதில் முன்பே முடிவாகிவிடுகிறது. “நான் துணி வச்சுத் தொடைச்சேன், அவ்வளவுதான்க்கா, கையால அடிக்கலக்கா” என்று அவர் சொல்வதை யார் நம்புகிறார்கள்? துணி வைத்துத் துடைத்தால் கண்ணாடி உடையுமா என்று கேட்பது நியாயமாகத்தான் தோன்றும், கண்ணாடியைப் பற்றி ஒன்றும் தெரியாதவரை. சம்பளத்தில் பிடித்தம், வேலையை விட்டு நிறுத்துவது, இனி அவர்மேல் ஒரு சந்தேகம். பள்ளிவிட்டு வந்து ஷவர் கதவைத் திறந்த பிள்ளைக்கும் இதே நிலை. முதிய மாமியாருக்கும் இதே நிலை, அவரிடம் நேரே கேட்காமல் மற்றவர்களிடம் சொல்வார்கள் என்பதைத் தவிர.

யாருமே பக்கத்தில் இல்லாதபோது நொறுங்கினால் கேள்வி வேறு பக்கம் திரும்புகிறது. புது வீட்டுக்கு யார் கண் பட்டதோ என்கிறார்கள். “நல்லதா போச்சு, திருஷ்டி கழிஞ்சுது” என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். பூசணிக்காய் உடைக்கிறார்கள். அந்த ஆறுதலை நான் குறைத்துப் பேச மாட்டேன். நடுங்கிப்போன வீட்டுக்கு அது தேவைப்படுகிறது, அதில் யாருக்கும் தண்டனை இல்லை. ஆனாலும் அதோடு விஷயம் முடிந்துபோவதால், விற்றவரையும் பொருத்தியவரையும் யாரும் எதுவும் கேட்பதில்லை. அதே கடையிலிருந்து அதே போன்ற இன்னொரு கண்ணாடி வந்து அதே கீலில் ஏறுகிறது.

பழைய கண்ணாடி சாட்சி சொன்னது. கீறல் எங்கே தொடங்கியது என்று காட்டியது. புதுக் கண்ணாடியிலும் சாட்சி உண்டு, கிடைப்பதுதான் அரிது. சட்டத்துக்குள்ளேயே நின்றபடி நொறுங்கிய தகட்டில், எல்லா விரிசல்களும் வந்து சேரும் புள்ளியில் இரண்டு பெரிய துண்டுகள் ஒட்டி, வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்தாற்போல் இருந்தால் நிக்கல் சல்ஃபைடை நோக்கிக் கைகாட்டலாம். மையம் விளிம்பிலோ கீல் அருகிலோ இருந்தால் பொருத்தியவரைக் கேட்கலாம். ஆகவே பெருக்கித் தள்ளும் முன், நிற்கும் பகுதி இருந்தால் அதை முழுதாகவும் மையத்தைக் கிட்ட வைத்தும் செல்போனில் படமெடுத்து வையுங்கள். கீழே கொட்டிய குவியலில் அந்த இரண்டு துண்டுகளைத் தேடுவது ஏறக்குறைய நடக்காத காரியம். அப்போதும், காரணம் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்வது, பக்கத்தில் நின்றவர்மேல் போடுவதைவிட நேர்மையானது.

வாங்கும்போதே கேட்க வேண்டியவை சில இருக்கின்றன, கேட்டால் கடைக்காரர்கள் சொல்கிறார்கள். டஃபன்டு செய்த தகடுகளை இன்னொரு முறை அடுப்பில் அடுக்கி 260 முதல் 290 டிகிரி வரை சூடாக்கி மணிக்கணக்கில் வைக்கும் முறை ஒன்று உண்டு. ‘ஹீட் சோக்’ என்பார்கள். துகள் உள்ள தகடுகளில் பெரும்பாலானவை அங்கேயே நொறுங்கிவிடும், வீட்டுக்கு வராது. இதற்குத் தனியாகப் பணம் ஆகும். பெரிய அலுவலகக் கட்டிடங்களுக்குக் கட்டிடக்கலைஞர்கள் வற்புறுத்திக் கேட்கிறார்கள். வீட்டுக்குக் கேட்பவர்கள் குறைவு. தகட்டின் மூலையில் அழியாதபடி பதித்த தர முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். டஃபன்டு ஆன பிறகு வெட்டவோ ஓட்டை போடவோ முடியாது. “இங்கேயே ஒரு ஓட்டை போட்டுத் தர்றேன் சார்” என்று யாராவது சொன்னால் அது டஃபன்டு கண்ணாடியே அல்ல. படச்சட்டக் கடைக்காரரின் வைர முனைக்கு இதில் வேலையில்லை. கோடு இழுத்துத் தட்டினால் கோட்டோடு சேர்ந்து தகடும் போகும்.

தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடிக்கும் பால்கனிக் கைப்பிடிக்கும் டஃபன்டு தகட்டை மட்டும் தனியாகப் போடுவது தவறு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். நொறுங்கிய நொடியில் கைப்பிடியே இல்லாமல் போய்விடுகிறது, சாய்ந்து நின்றவர் எங்கே போவார்? அங்கே வேண்டியது லேமினேட்டட் கண்ணாடி. இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, காரின் முன்கண்ணாடி போல. அதற்கு வழி காட்டியது ஒரு விபத்து. 1903-ல் பிரெஞ்சுக்காரர் எதுவார் பெனடிக்டஸின் ஆய்வறையில் ஒரு குடுவை கீழே விழுந்து விரிசல் விட்டும் சிதறவில்லை. உள்ளே காய்ந்திருந்த செல்லுலோஸ் கரைசலின் படலம் துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் 1909-ல் காப்புரிமை எடுத்தார். நூறாண்டு கடந்த அந்த யோசனை நம் மாடி வீடுகளின் கைப்பிடிகளுக்கு இன்னும் சரியாக வந்து சேரவில்லை. ஏற்கெனவே போட்டுவிட்ட ஷவர் தடுப்புக்கும் மேசைக்கும் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டலாம். நொறுங்கினாலும் பரல்கள் பெரும்பாலும் அதிலேயே தொங்கும். காலில் விழும் பரல் கழுத்தை அறுக்காது என்றாலும் குழந்தையின் உள்ளங்காலைக் கிழிக்கும், கண்ணுக்குள் போகும்.

அடுப்பு விஷயத்தில், பர்னருக்கு ஏற்ற அளவில் பாத்திரம், ஆறிய பிறகே ஈரத்துணி, இறக்கிய பாத்திரத்துக்கு மேடையில் ஒரு மணை. விசேஷத்துக்கு அண்டா வைக்க வேண்டுமென்றால் தனி இரும்பு அடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நொறுங்கிவிட்டால் முதலில் ரெகுலேட்டரை மூட வேண்டும், அடுப்பின் குமிழைத் தேடிப் பரல்களுக்குள் கையை விடக் கூடாது. திறந்திருந்த குழம்பையும் சோற்றையும் மனம் கேட்காவிட்டாலும் கொட்டிவிட வேண்டும். செருப்புப் போட்டுக்கொண்டு பெருக்கி, ஈரக் காகிதத்தால் ஒற்றியெடுத்து, அட்டைப் பெட்டியில் போட்டு மேலே ‘கண்ணாடி’ என்று எழுதிக் கொடுங்கள். குப்பையைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளர் வெறும் கையை உள்ளே விடுவார்.

வீட்டில் வேலை செய்பவர்களுக்கும் இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டும். பிளேடால் சுரண்டாதே, சூட்டில் துடைக்காதே என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், இந்தக் கண்ணாடி தானாகவும் உடையும், உடைந்தால் உன்மேல் பழி வராது என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். இல்லாவிட்டால், விளிம்பில் ஒரு செதிலைப் பார்த்தவர் பயந்து மறைத்துவிடுவார். நேரத்தோடு தெரிந்தால் கழற்றி மாற்றிவிடக்கூடிய தகடு, அப்படி மறைத்ததால் கீலிலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.